பத்தியக் கோதுமை

என் மனைவி படுத்த படுக்கையாகக் கிடந்த சமயத்தில் எங்கள் வீட்டு அலமாரியில் பிரெட் வைக்க இடமில்லை. ஆவூர்ப் பக்கத்தில் நோயாளியைப் பார்க்க யாரும் வெறுங்கையோடு வரமாட்டார்கள். பிரெட், ரஸ்க், பன், பிஸ்கட், மால்ட் பவுடர் டப்பா என்று எதையாவது தூக்கிக்கொண்டு வருவார்கள். கொஞ்சம் வசதியானவர்கள் கூடவே ஆப்பிளும் வாங்கி வருவார்கள். "சோறு வேணாங்க, செரிக்காது. பிரெட்டைப் பால்ல நனைச்சுக் குடுங்க" என்று எனக்குப் பாடம் நடத்தி, நான் போட்ட காபியையும் குடித்துவிட்டுப் போவார்கள். அவர்கள் கொண்டுவந்ததில் ஆப்பிளைத் தவிர மற்ற எல்லாமே அவளுடைய குடலை அரித்த சாமான். இது தெரிந்த அன்று எனக்குக் கை கால் ஓடவில்லை. இன்றைக்கும் யார் கையிலாவது பிரெட் பாக்கெட்டைப் பார்த்தால் அந்தப் பக்கம் திரும்பாமல் நடந்துவிடுகிறேன்.

நான் வளைகுடாவில் லாரி ஓட்டியவன். மகள் பிறந்த கையோடு போனேன். அவளுக்குக் கல்யாணம் முடித்துக் கோயம்புத்தூருக்கு அனுப்பிய பிறகுதான் ஒரேயடியாகத் திரும்பினேன். நடுவில் லீவில் வந்து போனதையெல்லாம் சேர்த்தால்கூடப் பெரிதாக ஒன்றும் தேறாது. திரும்பி வந்த புதிதில் ஊரில் ஒரு மருத்துவ முகாம் போட்டார்கள். என் மனைவிக்குச் சர்க்கரை எல்லைக்கோட்டில் இருப்பதாகச் சொன்னார்கள். "அரிசியைக் குறைங்க, கோதுமைக்கு மாறுங்க" என்றார் அங்கே இருந்தவர். அவர் சொல்லாவிட்டாலும் ஊரே அதைத்தான் சொல்லியிருக்கும். புதுக்கோட்டை மாவட்டத்தில் சுகர் வந்த வீட்டில் ராத்திரி சப்பாத்தி என்பது எழுதாத சட்டம்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வெளிநாட்டில் கூடத் தங்கியிருந்த பஞ்சாபிக்காரர்களிடம் நான் கற்றுக்கொண்டு வந்த ஒரே வித்தை சப்பாத்தி. பூரி மாதிரி எழும்பி நிற்கும், மறுநாள்வரைக்கும் பஞ்சு மாதிரியே இருக்கும். "இனிமே அடுப்படி என் பொறுப்பு, நீ இங்கிட்டு எட்டிப்பார்க்காத" என்றேன். காலையில் கோதுமை ரவை உப்புமா, மதியம் சப்பாத்தி, ராத்திரியும் சப்பாத்தி. அவள் ஆசையாகத்தான் சாப்பிட்டாள். அக்கம்பக்கத்துப் பெண்கள் பொறாமைப்பட்டதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம்கூட இருந்தது.

சில மாதங்களில் அவள் இளைக்க ஆரம்பித்தாள். சர்க்கரை இறங்குகிறது, நல்லதுதான் என்று நினைத்தோம். பிறகு வயிறு ஊதியது. சாப்பிட்டவுடன் கொல்லைப்பக்கம் ஓடினாள். வாயில் புண் வந்து போய், மறுபடியும் வந்தது. தலைமுடி சீப்போடு வந்தது. சேலை இடுப்பில் நிற்கவில்லை.

எங்கள் ஊரில் வயிற்று நோய்க்கு இருப்பது மூன்றே பெயர்கள்தான். சூடு, கேஸ், குடல் ஏறிக்கிட்டது. கழுத்துக்குக் கீழே தொடைக்கு மேலே இருப்பது எல்லாமே எங்களுக்கு வயிறு. இரைப்பை என்று ஒன்று தனியாக இருக்கிறது, அதற்குப் பிறகு சிறுகுடல், அதற்கும் பிறகு பெருங்குடல், ஒவ்வொன்றுக்கும் வேலை வேறு என்பதெல்லாம் பத்தாவது பரீட்சைக்குப் படித்து அன்றைக்கே மறந்தது. சூடு என்றவர்கள் வெந்தயம் கொடுத்தார்கள். கேஸ் என்றவர்கள் பூண்டு கொடுத்தார்கள். குடல் ஏறிவிட்டது என்ற ஒரு சொந்தக்காரம்மா விளக்கெண்ணெய் தடவி வயிற்றைத் தட்டிவிட்டுப் போனார். வயிறு மோசமாக மோசமாக நான் அவளுக்கு இன்னும் இளசாக, இன்னும் குழைவாகக் கோதுமைக் கஞ்சி காய்ச்சினேன். நோய்க்கஞ்சி என்றாலே எங்களுக்குக் கோதுமைதானே!

பக்கத்து டவுனில் பார்த்த டாக்டர் ரத்தம் குறைவு என்றார். ஹீமோகுளோபின் என்றால் ரத்தத்தில் மூச்சுக்காற்றைச் சுமக்கிற சத்து, அதைச் செய்ய இரும்பு வேண்டும் என்று விளக்கி மாத்திரை எழுதினார். மாதக்கணக்கில் விழுங்கினாள். இரும்பு ஏறவே இல்லை. மாத்திரையை மாற்றினார்கள், டானிக்கை மாற்றினார்கள். எனக்கு ஒரு கட்டத்தில் இவள் ஏமாற்றுகிறாளோ என்றுகூடத் தோன்றியது. "முழுங்குறியா, இல்ல துப்புறியா?" என்று கத்தினேன். அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

ஒரு காலையில் கிணற்றடியில் மயங்கி விழுந்தாள். தூக்கியபோது எனக்குத் திக்கென்றது. நெல் மூட்டை தூக்கிப் பழகிய கைக்கு அவள் ஒரு தலையணை கனம்கூட இல்லை. அப்படியே காரில் போட்டுக்கொண்டு திருச்சிக்கு ஓடினேன்.

அங்கே ரத்தம் ஏற்றினார்கள். குடல் டாக்டரம்மா வாய்வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார், உள்ளேயிருந்து துளி சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். முடிவு வந்த அன்று என்னை உட்காரவைத்துக் கேட்டார்: "என்ன சாப்பாடு குடுக்குறீங்க?"

நான் பெருமையாகச் சொன்னேன். "பத்தியமாத்தாங்க. கோதுமையைத் தவிர வேற எதுவும் தொடுறதில்ல."

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "ஐயா, அவங்களுக்கு ஒத்துக்காதது அது ஒண்ணுதான்" என்றார்.

முதலில் எனக்குப் புரியவில்லை. கோதுமை எப்படி ஒத்துக்கொள்ளாமல் போகும்? நோயாளிக்குத் தண்ணீர் ஆகாது என்றால் நம்புவோமா? அவர் பொறுமையாகச் சொன்னார். கோதுமையில் குளூட்டன் என்று ஒரு புரதம் இருக்கிறது. புரோட்டா மாஸ்டர் மாவை வீசும்போது அது கிழியாமல் விரிகிறதே, அந்த இழுவையைக் கொடுப்பது அதுதான். அரிசி மாவை அப்படி வீசினால் உதிர்ந்துவிடும், அதில் குளூட்டன் இல்லை. பார்லியில் உண்டு, பார்லியில் செய்கிற மால்ட் பவுடரிலும் உண்டு. பெரும்பாலானவர்களுக்கு இதனால் ஒரு கெடுதலும் கிடையாது. சிலருக்கு மட்டும் குளூட்டன் உள்ளே போனவுடன் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே திரும்பித் தன் சிறுகுடலைத் தாக்கும். இதற்குச் சீலியாக் நோய் என்று பெயர். இதற்கான வாகு பிறவியிலேயே உடம்பில் இருக்கும், நோய் எந்த வயதிலும் தலைதூக்கும். அலர்ஜி என்று நினைத்து மாத்திரை போட்டு அடக்க முடியாது. அரித்துத் தடித்து அடங்குவது அலர்ஜி, இது சத்தமில்லாமல் உள்ளே அழிக்கிறது.

"செரிமானம் வேற, உறிஞ்சுறது வேற" என்றார். சாப்பாட்டை உடைத்துக் கூழாக்குவது செரிமானம். அந்தக் கூழிலிருந்து சத்தை ரத்தத்துக்குள் இழுப்பது உறிஞ்சுதல். உறிஞ்சுகிற வேலை சிறுகுடலுடையது. நல்ல சிறுகுடலின் உட்பக்கம் புது டர்க்கி டவல் மாதிரி சின்னச் சின்ன இழைகளாக நிற்கும், ஒவ்வொரு இழையும் சத்தைப் பிடிக்கும். பிறகு என் மனைவியின் குடல் படத்தைக் காட்டினார். வழுவழுவென்று இருந்தது. எல்லா இழையும் படுத்துவிட்டது. இரும்பு மாத்திரை ஏன் ஏறவில்லை என்பதற்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை. வாங்கிக்கொள்ள உள்ளே ஆளே இல்லை.

வெளியே வந்தபின் கோபம் கோபமாக வந்தது. முகாம்காரர் மேல், பிரெட் கொண்டுவந்தவர்கள் மேல், பஞ்சாபிக்காரர்கள் மேல்கூட. என் மனைவி மட்டும் சிரித்தாள். "நல்லவேளை, பேய் புடிச்சிருக்குன்னு சொல்லல" என்றாள்.

"இனிமே ஆயுசுக்கும் ஒரு பொட்டுக்கூடக் கூடாது. கண்டிப்பா இருந்தா அந்த இழையெல்லாம் திரும்ப எழும்பும். இல்லேன்னா எலும்பு தேயும், ஒடம்புல ரத்தம் தங்காது, குடல்ல இன்னும் மோசமான வியாதிக்கு வழியாயிரும்" என்று டாக்டரம்மா எச்சரித்திருந்தார். ஒரு பொட்டு என்றால் உண்மையாகவே ஒரு பொட்டுத்தான் என்பது உணவு ஆலோசகரிடம் போனபோது விளங்கியது. அது சின்னப் பெண், மகள் வயதுதான் இருக்கும். சர்க்கரைக்காகத்தானே கோதுமைக்கு மாறினோம், இனி என்ன செய்வது என்றேன்.

"அங்கிள், அரிசியும் மாவுச்சத்து, கோதுமையும் மாவுச்சத்து. உள்ள போனா ரெண்டும் சர்க்கரையாத்தான் மாறும். கோதுமையில நார்ச்சத்து கொஞ்சம் கூட, அவ்வளவுதான். எத்தனை சப்பாத்தி வேணும்னாலும் திங்கலாம்னு யார் சொன்னா?"

ஊரே சொன்னது என்றேன். நார்ச்சத்து என்பது செரிக்காமலே குடல் வழியாகப் போகிற பகுதி, மாவுச்சத்து சர்க்கரையாகி ரத்தத்தில் சேருகிற வேகத்தை அது குறைக்கும், மலத்தையும் இளக்கும் என்று சொன்னது அந்தப் பெண். கீரை, கொள்ளு, கேழ்வரகு, சாமை எல்லாவற்றிலும் அது இருக்கிறதாம். எங்கள் வயலில் விளைகிற கேழ்வரகை விற்றுவிட்டு, ரயிலேறி வந்த கோதுமையை நான் வாங்கிக்கொண்டிருந்திருக்கிறேன். பாலையும் கொஞ்ச நாளைக்கு நிறுத்தச் சொன்னது. பாலில் இருக்கிற லாக்டோஸ் என்ற சர்க்கரையை உடைக்கிற நொதி, அதாவது செரிக்கவைக்கிற சாறு, அந்த இழைகளின் நுனியில்தான் ஊறுமாம். இழையே இல்லாதபோது சாறு எங்கிருந்து வரும்? இழை எழும்பினால் பால் தானாக ஒத்துக்கொள்ளும் என்றது.

போகும்போது சாதாரணமாக ஒரு கேள்வி கேட்டது. "ரசத்துக்குப் பெருங்காயம் போடுவீங்களா?"

"போடாம?"

"கடையில விக்கிற தூள்ல நெறையதுல மைதா கலந்திருக்கும். கலக்காததாப் பாத்து வாங்குங்க. கேழ்வரகு எங்க அரைக்கிறீங்க?"

மாவு மில்லில். எனக்கு முன்னால் நிற்கிறவர் கோதுமை அரைப்பார், எனக்குப் பின்னால் நிற்கிறவரும் கோதுமைதான் அரைப்பார். நான் தலையில் கைவைத்துக்கொண்டேன். பத்தியம் பத்தியம் என்று தினமும் வைத்துக்கொடுத்த ரசத்திலுமா? பெருங்காயம் வயிற்றுக்கு நல்லது என்று மோரில் வேறு கரைத்துக் கொடுத்திருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து அடுப்படியைக் காலி செய்தேன். சப்பாத்திக் கட்டை, தவா, மாவு டப்பா எல்லாம் வெளியே போனது. ஒரு சின்ன அரவை மிஷின் வாங்கினேன். பார்க்க வந்தவர்களைப் பிரெட்டோடு வாசலிலேயே திருப்பி அனுப்பினேன். "நல்ல மனுசன், பொண்டாட்டி சீக்குல கிறுக்குப் புடிச்சிருச்சு" என்று பேசிக்கொண்டார்களாம். பேசட்டும். சோறு, கூழ், இட்லி, மீன், முட்டை, கீரை. கொஞ்சம் கொஞ்சமாக அவள் எழுந்தாள். வயிறு வடிந்தது. முகத்தில் ரத்த ஓட்டம் தெரிந்தது. தினம் காலையில் பூசைக்கு மாதா கோயிலுக்குப் போகிற பழக்கத்தையும் மறுபடி ஆரம்பித்தாள். நான் ஞாயிற்றுக்கிழமை மட்டும் போவேன், அதுவும் கடைசி பெஞ்சில் காற்றாடிக்குக் கீழே.

அடுத்த சோதனையில் டாக்டரம்மா முகம் சுருங்கியது. குளூட்டனுக்கு எதிராக உடம்பு ரத்தத்தில் உண்டாக்குகிற எதிர்ப்பொருளின் அளவு இறங்கியிருக்கிறது, ஆனால் பாதியில் நின்றுவிட்டது. இரும்பும் அதே கதை. "எங்கயோ உள்ள போயிக்கிட்டே இருக்கு. இப்படியே விட்டா மறுபடி பழைய நெலைமைக்கு வந்துரும்" என்றார். நான் சத்தியம் செய்யாத குறையாக மறுத்தேன். என் மனைவி சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த வாரம் முழுக்க நான் போலீஸ்காரனாக மாறினேன். மிளகாய்த்தூளைச் சந்தேகப்பட்டேன், மாத்திரையின் மேல்பூச்சைச் சந்தேகப்பட்டேன், பக்கத்து வீட்டுக் குழம்பைச் சந்தேகப்பட்டேன். ஒன்றும் அகப்படவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசையில் நன்மை, அதாவது நற்கருணை அப்பம், வாங்க வரிசை நகர்ந்துகொண்டிருந்தது. என் மனைவி பங்குச் சாமியாரின் முன்னால் வந்தாள். அவள் கண்ணை மூடி நாக்கை நீட்டினாள். வெள்ளை அப்பத்தை அவர் அதில் வைத்தார். எனக்கு உடம்பெல்லாம் சில்லிட்டுவிட்டது. சின்ன வயதில் எங்கள் கோயிலிலேயே கன்னியாஸ்திரிகள் அப்பம் சுடுவதைப் பார்த்திருக்கிறேன். கோதுமை மாவும் தண்ணீரும். வேறு ஒன்றுமே கிடையாது.

வீட்டில் இருந்த ஊறுகாய் வரைக்கும் முகர்ந்து பார்த்தேனே, இது எப்படி என் புத்தியில் ஏறாமல் போனது? காரணம் வேறொன்றுமில்லை. எங்களில் யாரும் அதைச் சாப்பாட்டுக் கணக்கில் சேர்ப்பதில்லை. அது நாக்கில் பட்ட பிறகு கோதுமை இல்லை, ஆண்டவர். எல்லா மாவையும் வெளியே எறிந்த வீட்டிலிருந்து, தினம் காலையில் நடந்து போய் அவள் ஒரு துண்டு கோதுமையை விழுங்கிவிட்டு வந்திருக்கிறாள்.

வீடு வந்து சேரும்வரைகூட எனக்குப் பொறுமையில்லை. கோயில் வேப்பமரத்தடியிலேயே கேட்டேன். "அது எதுல செய்யிறதுன்னு ஒனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எப்பருந்து?"

"டாக்டரம்மா ஒரு பொட்டுக்கூடக் கூடாதுன்னப்பவே தெரியும்."

என் தலையில் இடி விழுந்த மாதிரி இருந்தது. தெரிந்தே! "சாகணும்னு முடிவு பண்ணிட்டியா? ஒன் சாமி ஒன்னைக் கொல்லச் சொல்லுச்சா? வீட்டுல ஜெபம் பண்ணா ஆகாதா?" கோயில் வாசல் என்றும் பார்க்காமல் கத்தினேன். ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அவள் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு மெதுவாகச் சொன்னாள். "கத்தாதீங்க. நீங்க அங்கிட்டு இருந்த வருசமெல்லாம் நான்தான் ஆக்கிப்போட்டேன். புள்ளைக்கு ஊட்டுனேன், ஒங்க ஆத்தா படுத்தப்ப அவுகளுக்கும் ஊட்டுனேன். என் வாயில ஒருத்தங்க ஒரு வாய் வச்சாங்கன்னா, அது இந்தக் கோயில்ல மட்டுந்தாங்க. அதையும் விடச் சொல்றீங்களா?"

அவளிடம் கோபம் இல்லை, அழுகையும் இல்லை. வீட்டில் உப்பு தீர்ந்துபோனதைச் சொல்வது போலத்தான் சொன்னாள். அதுதான் என்னை அடித்துப் போட்டது. டாக்டரம்மா காட்டிய குடல் படத்தைவிட, கிணற்றடியில் அவள் கிடந்ததைவிட, அதுதான்.

மறுநாள் சாமியாரைப் பார்க்கப் போனேன். அரிசி மாவில் ஒரு அப்பம் சுட்டுக் கொடுத்தால் என்ன ஃபாதர் என்று நேரடியாகவே கேட்டேன். அவர் இளைஞர், என் குரலைக் கேட்டுக் கொஞ்சம் மிரண்டார். "இல்லீங்க, கோதுமையிலதான் இருக்கணும். அது திருச்சபைச் சட்டம், அரிசியில செஞ்சா செல்லாது" என்றார். எனக்கு மறுபடி சுர்ரென்று ஏறியது. அவரே தொடர்ந்தார். "ஆனா திராட்சை ரசம் மட்டும் வாங்கினாலும் அது முழு நன்மைதான், பாதியில்ல. அம்மாவுக்குக் கிண்ணத்துல தாரேன்."

"ஒங்க கிண்ணத்துல அப்பத் துண்டு ஒண்ணைப் போடுவீங்களே ஃபாதர்?"

அவர் யோசித்தார். "அட, ஆமாங்க. அப்ப அம்மாவுக்குத் தனிக் கிண்ணம்" என்றார். அதைக் கழுவித் துடைக்கிற துணியும் தனி என்று நான் சேர்த்துக்கொண்டேன். பக்கத்தில் கோயில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த உபதேசியார் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காற்றாடிக்குக் கீழே உட்காராமல் அவளோடு முன்பெஞ்சில் உட்கார்ந்தேன். வரிசையின் கடைசியில் போய் நின்றாள். சாமியார் சின்னக் கிண்ணத்தை அவள் கையில் கொடுத்தார். "பூசையில பொம்பளைக்கு ஒயினா?" என்று பின்னால் ஒரு குரல் கிசுகிசுத்தது. நான் திரும்பி முறைத்தேன், அடங்கியது. அவள் இரண்டு கையாலும் கிண்ணத்தைப் பிடித்து, தானே வாயில் வைத்துக் குடித்து, திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தாள். உடம்புக்கு இனிப் பயமில்லை. ஆனால் யாரும் அவள் வாயில் எதையும் வைக்கவில்லை. அவளும் அதைக் கவனித்திருப்பாள்.

வீட்டுக்கு வந்து சோறு போட்டேன். விரால் மீன் குழம்பு. அவள் இலைக்கு முன்னால் உட்கார்ந்து கையை நனைத்தாள். நான் எதிரே உட்கார்ந்து, அவள் சோற்றிலேயே குழம்பை ஊற்றிப் பிசைந்து, முள் பார்த்து எடுத்துவிட்டு, ஒரு உருண்டை பிடித்து அவள் வாய்க்கு நேரே நீட்டினேன். எனக்கு யாருக்கும் ஊட்டிப் பழக்கமில்லை, பெற்ற மகளுக்குக்கூட.

"என்னங்க இது, இந்த வயசுல" என்றாள்.

நான் கையை எடுக்கவில்லை. குழம்பு முழங்கை வழியாக வழிந்தது. அவள் ஒருமுறை வாசல் பக்கம் பார்த்தாள். யாரும் இல்லை. வாயைத் திறந்தாள்.